புழு தெரிந்த இறைச்சியும் தெரியாத இறைச்சியும்

குளுவாங்

அன்புள்ள யாழினிக்கு,

விடுதியில் வாங்கி வைத்த ஆட்டிறைச்சியில் புழு நெளிந்தது, நன்றாகக் கழுவிச் சமைத்தால் போதும் என்கிறார்கள் தோழிகள் என்று எழுதியிருந்தாய். போதாது. மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள்.

அந்தப் புழு இறைச்சியில் தானாகப் பிறக்கவில்லை. 1668இல் பிரான்செஸ்கோ ரெடி என்ற இத்தாலிய மருத்துவர் இறைச்சி போட்ட ஜாடிகளில் சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் மூடினார். மூடிய ஜாடியின் இறைச்சி அழுகியது, ஆனால் அதில் புழு வைக்கவில்லை. நம் பாசாரில் இறைச்சிக் கடையைச் சுற்றும் பளபளக்கும் பச்சை ஈதான் தாய். நம் ஊர் வெக்கையில் அதன் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஆகவே, புழு கண்ணில் பட்டால் அந்த இறைச்சி பல மணி நேரம் வெளியே கிடந்திருக்கிறது என்று அர்த்தம். கொதிக்கிற குழம்பில் புழு செத்துவிடும். ஆனால் அதற்குள் பெருகிய கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சுகளில் சில, கொதியிலும் அழிவதில்லை.

புழுவை நீ பார்த்துவிட்டாய், அதனால் தப்பித்தாய். எனக்குக் கவலையெல்லாம் பார்க்க முடியாதவற்றைப் பற்றித்தான்.

உன் அக்கா கர்ப்பமாக இருக்கும் இந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் சுவரொட்டியையும் ஈரலையும் லேசாக வாட்டித் தருவார்கள், ரத்தம் ஊறும் என்று. அவர்கள் அன்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டின் தசையிலும் உறுப்புகளிலும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தங்கியிருக்கலாம். நல்ல இறைச்சிக்கும் அது உள்ள இறைச்சிக்கும் நிறத்தில், மணத்தில் வித்தியாசமே இருக்காது. நமக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போய்விடும். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். சுவரொட்டி கொடுக்கட்டும், நடுப்பகுதி சிவப்பு மாறும்வரை வேகவைத்துக் கொடுக்கட்டும். இதை அக்காவிடம் நீயே சொல், நான் சொன்னால் பெரியவர்களுக்கு மனத்தாங்கல் வரும்.

எவ்வளவு வேகவேண்டும்? கொத்திய இறைச்சி என்றால் உள்ளே 71 பாகை செல்சியஸ், கோழி என்றால் 74. இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள். எலும்போடு நெடுநேரம் கொதிக்கும் பெரட்டலில் பயமில்லை. வெளியே கருகி உள்ளே சிவந்து நிற்கும் தடித்த துண்டுகளில்தான் பயம். உறைபெட்டியில் −18 பாகையில் சில நாள் வைத்தாலும் டாக்சோபிளாஸ்மா பெருமளவு அழியும். அதை நம்பி வேகவைப்பதைக் குறைத்துவிடாதே.

பன்றி நாடாப்புழுவைப் பற்றி நம்மவர்கள் பாதிதான் அறிந்திருக்கிறார்கள். வேகாத பன்றி இறைச்சி தின்றால் குடலில் புழு வளரும், அது தெரிந்ததுதான். அந்தப் புழுவைச் சுமப்பவர் கழிப்பறை போய்வந்து கை கழுவாமல் சமைத்தால், அதன் முட்டைகள் மற்றவர் வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்கும். பன்றியைத் தொடவே தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்களில் இந்த வலிப்பு வந்ததை 1992இல் மருத்துவர்கள் எழுதினார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வழியாக அது தொற்றியிருந்தது. மரக்கறி மட்டும் உண்பவருக்கும் இது வரும். அதனால் சமைக்கிற கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. பச்சையாகத் தின்னும் கீரையை ஓடும் நீரில் அலசு. இறைச்சி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காதே.

விடுமுறைக்கு மெர்சிங்கில் படகேறித் தியோமான் போகப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். போய் வா, அழகான தீவு. ஆனால் 2011, 2012ஆம் ஆண்டுகளில் அங்கே போய் நாடு திரும்பிய வெளிநாட்டுப் பயணிகள் பலருக்குக் காய்ச்சலும் தாங்க முடியாத தசைவலியும் வந்தன. விசாரணையில் அப்படிப்பட்டவர்கள் 68 பேர் என்று தெரிந்தது. சிலருடைய தசையை எடுத்துப் பார்த்தபோது சார்க்கோசிஸ்டிஸ் என்ற ஒட்டுண்ணி உள்ளே குடியிருந்தது. 2012இல் பங்கோர் தீவுக்குப் போன கல்லூரிக் கூட்டத்திலும் இதே நோய், 92 பேரில் 89 பேருக்கு. பாம்பின் கழிவு கலந்த நீரோ உணவோ காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இங்கே நாம் இறைச்சி தின்று நோய் வாங்கவில்லை, அந்த உயிருக்கு நம் தசையே இறைச்சியாகிவிடுகிறது.

இது சுற்றுலாக்காரர் நோய் மட்டுமல்ல. கோலாலம்பூரில் கே.டி. வோங்கும் ஆர். பத்மநாதனும் பிணப் பரிசோதனைக்கு வந்த 100 பேரின் நாக்குத் தசையை ஆராய்ந்து, 21 பேரிடம் இதைக் கண்டதாக 1992இல் எழுதினார்கள். பலருக்கு எந்த வலியும் தெரியாமலே அது இருந்துவிடுகிறது.

தீவில் கொதித்த நீரோ மூடி உடைக்காத போத்தல் நீரோ குடி. குழாய் நீரில் உறைய வைத்த ஐஸ் வேண்டாம். உணவை மூடாமல் இரவில் விடாதே. திரும்பி வந்து இரண்டு வாரத்திலோ, ஒரு மாதம் கழித்தோகூடக் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், டிங்கி என்று நீயே முடிவு கட்டிவிடாமல், தியோமான் போய்வந்தேன் என்பதை முதல் வாக்கியமாக டாக்டரிடம் சொல்.

அன்புடன்,
சித்தி