வலி மாத்திரையும் சிறுநீரகமும்



குலை வெட்டுகிறவருக்குத் தோள்வலி. உதிர்ந்த பழம் பொறுக்கும் அம்மாவுக்கு இடுப்புவலி. "டிரசர், நல்லா கேக்குற மாத்திரையா ரெண்டு குடுங்க, நாளைக்கு வேலைக்குப் போவணும்" என்பது நான் தினமும் கேட்கும் பேச்சு. இரண்டு நாளைக்குக் கொடுப்பதில் தடையில்லை. ஆனால் சிலர் அதையே கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அதுதான் ஆபத்து.

விழுங்கிய மருந்து குடல் வழியாக இரத்தத்தில் சேர்கிறது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றுகிறது. மாறியதைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகம். இதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் '8 மணி நேரத்துக்கு ஒன்று' என்று உறையில் எழுதித் தருகிறோம். பனடோல் போன்ற 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடாது. சம்சு பழக்கம் உள்ளவருக்கு அதுவே அதிகம், கல்லீரல் தாங்காது.

டைக்ளோபினாக், மெபனாமிக் ஆசிட் (பொன்ஸ்டான்), இபுபுரூபன் ஆகியவை வேறு இனம். இவை சிறுநீரகத்தைத் தாக்கும். எப்படி? சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாயை விரித்து வைக்க உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறது. வலியைக் கூட்டுவதும் அதே வகைப் பொருள்தான். மாத்திரை ஆள் பார்க்காமல் இரண்டையும் நிறுத்திவிடும். வெயிலில் வேர்த்து, மதியம் வரை தண்ணீர் குடிக்காதவருக்குத்தான் அந்தப் பொருள் மிகவும் தேவை. குழாய் சுருங்கினால் சிறுநீரகம் இரத்தமில்லாமல் வாடுகிறது. இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்கணும்.

இது புதுக்கதை அல்ல. பினாசிட்டின் என்று ஒரு வலி மருந்து இருந்தது. ஆஸ்திரேலியாவில் அது கலந்த பொடியைத் தேநீர் போல் தினமும் குடித்தவர்கள் பலருக்குச் சிறுநீரகம் போயிற்று. அமெரிக்கா 1983ல் அந்த மருந்தை விற்பனையிலிருந்து நீக்கியது.

சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலிக்காது. முதலில் தெரிவது சோர்வு, மூச்சு வாங்குதல், வெளிறிய கண். ஏன்? இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள்தான் உயிரோடு இருக்கும். புதிதாய் உண்டாக்கும்படி எலும்பு மச்சைக்குச் சேதி அனுப்புவது சிறுநீரகம்தான். சேதி நின்றால் இரத்தசோகை. அப்போது கடையில் இரத்த டானிக் வாங்கிக் குடிக்கிறார்கள். டானிக்கில் உள்ள இரும்புச் சத்து செங்கல் மாதிரி. கொத்தனாரைக் கூப்பிட ஆள் இல்லையென்றால் செங்கல் சும்மா கிடக்கும். இதே மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசியவும் வைக்கும். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் அன்றைக்கே வாருங்கள். (இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும். அதை நான் பார்த்துச் சொல்கிறேன்.)

சந்தையில் விற்கும் ஜாமு மாத்திரை "ஒரே நாளில் வலி போச்சு" என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த சரக்கு பல முறை பிடிபட்டிருக்கிறது. பதிவு செய்த மருந்தில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் வலி மாத்திரை சாப்பிட்டவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் சிறுநீரும் இரத்தமும் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்ப்பார்கள். போகும்போது வீட்டில் கிடக்கும் மாத்திரை உறைகளை, காலியானதையும் சேர்த்து, எடுத்துப் போங்கள். "வெள்ளை மாத்திரை, உருண்டையா இருக்கும்" என்று சொன்னால் டாக்டருக்கும் புரியாது.