சர்வரும் விண்டோஸும் கோப்புகளைப் பகிர

கிராமங்களிலும், விண்டோஸ் கணினிகளோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வம்சத்துச் சர்வரையும் வைத்துக் காரியாலயம் நடத்துவோர், கோப்புகளைப் பென்டிரைவில் சுமந்து அலையாமல், ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் வெளியிட்ட சாம்பா என்னும் இலவச மென்பொருளைச் சர்வரில் நிறுவிக்கொள்வது உத்தமம்.

சர்வரில் ஒருவருக்குக் கணக்கு இருந்தாலும், 'எஸ்எம்பி-பாஸ்வேர்ட்' (smbpasswd) கட்டளையால் சாம்பாவுக்கென்று தனிக் கடவுச்சொல் இட்டாலன்றிக் கதவு திறவாது. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். சாம்பா அனுமதித்தும், யூனிக்ஸ் கோப்புறையின் உரிமைகள் இடம் தராவிடில் எழுத இயலாது என்பதையும் ஸ்மரணையில் வைக்க. சாம்பாவின் அமைப்புக் கோப்பைத் திருத்தியதும் 'டெஸ்ட்பார்ம்' (testparm) கட்டளை கொண்டு பரிசோதிக்கலாம்.

சாம்பா கையாளும் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி.யில், 2017-இல் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் பரவ வழியாயிருந்த முதற்பதிப்பை அறவே முடக்குங்கள். அந்நெறிமுறை பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைப்பதோ சுத்த அசட்டுத்தனம்.