தலைமாடு தாழக் கூடாது

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது. குன்றாண்டார்கோவில் பக்கம் கோடைப் புழுக்கத்தில் வெறுந்தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். சற்று நேரத்தில் இமை சொருகும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். உடனே 108-ஐ அழைத்துப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் சேர்த்து, விஷமுறிவு மருந்து ஏற்றி வென்டிலேட்டரில் வைத்துவிட்டால், சில நாளில் தசைகள் மீண்டுவிட வாய்ப்பு அதிகம்.

அவருடைய நுரையீரலில் கோளாறே இல்லை. அதைப் பிறகு கெடுப்பது நிமோனியா. புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்த 200 பேரில் 36 பேருக்கு அது வந்தது. முக்கியமான காரணம் வாயில் ஊறும் எச்சில்தான். மூச்சுக்குழாயில் இறக்கிய ட்யூபைச் சுற்றி ஒரு சின்னப் பலூன் இருக்கும். அதற்கு மேலே கிருமியோடு தேங்கும் எச்சில் சொட்டுச் சொட்டாக உள்ளே கசியும்.

ஆகவே முதல் வேலை கட்டிலில். தலைமாடு 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். கண்மதிப்பு இதில் ஏமாற்றும். கட்டிலில் அளவுகோல் இல்லையென்றால் ஒரு சுலப வழி உண்டு: முதுகுப் பலகையின் நீளம் 2 அடி என்றால், அதன் மேல்முனை 1 அடி எழும்பினால் 30 டிகிரி. பார்சிலோனாவில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், மல்லாக்கப் படுத்திருந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா சந்தேகிக்கப்பட்டது. சாய்ந்திருந்தவர்களில் 8 சதவீதம்தான். செலவில்லாத வைத்தியம் இது. முதுகெலும்பில் அடிபட்டவருக்கும் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கும் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் உயர்த்த வேண்டும்.

அடுத்தது வாய். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கை அன்றாடம் துலக்க வேண்டும். பக்கத்திலேயே எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் ஓட வேண்டும். குளோர்ஹெக்சிடின் மருந்தால் வாயைத் துடைப்பது நெடுநாள் வழக்கம். 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி அதைப் பரிந்துரைக்கவில்லை, துலக்குவதைத்தான் சொல்கிறது.

பலூனின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் எச்சில் இறங்கும், கூடினால் மூச்சுக்குழாய் புண்ணாகும். விரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் மானோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வென்டிலேட்டர் குழாயில் சேரும் தண்ணீரை, நோயாளியைப் புரட்டுவதற்கு முன்பே வடித்துவிட வேண்டும். அந்தக் குழாய்களைத் தினமும் மாற்றத் தேவையில்லை. அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ட்யூபைச் சீக்கிரம் எடுப்பது. மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று தினமும் சோதிக்க வேண்டும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கி 5 விநாடி நிறுத்த முடிகிறதா என்பதும் தசை மீள்வதற்கு ஒரு நல்ல அடையாளம். கட்டுவிரியன் கடித்தவர் இமையைத் திறக்க முடியாமல் கிடப்பார். ஆனால் காதில் எல்லாம் விழும். அவர் பக்கத்தில் நின்று அழாதீர்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள்.

உள்ளே போகும் உறவினர் கையைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். நெற்றியில் திருநீறு வைக்கலாம். வாயில் தீர்த்தமோ பாலோ ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. கால் நீட்டிப் படுக்கட்டுமே என்று கட்டிலை இறக்கவும் கூடாது.

ட்யூபை எடுத்த பிறகு தொண்டை வறண்டு தண்ணீர் கேட்பார். பரிதாபப்பட்டு உடனே கொடுத்துவிடாதீர்கள். விழுங்கும் தசைகள் சரியாகிவிட்டனவா என்று நர்ஸ் சோதித்துச் சொன்ன பிறகே, உட்காரவைத்து முதல் மடக்கைக் கொடுங்கள்.