ஆய்வகத்தில் பிறக்கும் நிறுவனம்: கடனுக்கு முன் கருத வேண்டியவை

நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் எண்ணற்ற ஆய்வுகள் நிறைவு பெறுகின்றன. ஆய்வேடு ஏற்கப்படுகிறது, பட்டம் வழங்கப்படுகிறது, கட்டுரை வெளியாகிறது. அதன்பின் அக்கண்டுபிடிப்பு நூலக அடுக்கில் உறங்கிவிடுவதே பெரும்பாலும் நேர்கிறது. அதைப் பயன்படு பொருளாக்கும் பொருட்டு, கண்டறிந்தவரே முன்னின்று தொடங்கும் நிறுவனத்தை மேலை நாட்டினர் ‘ஸ்பின் ஆஃப்’ என்பர். ஆய்வகத்தில் பிறந்த நிறுவனம் என நாம் அதனைக் கூறலாம்.

வைட்டிலாவில் மெட்ரோ ஏறுபவர் இடையில் வண்டி மாறாமலே களமசேரியைச் சென்றடையலாம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. கேரள ஸ்டார்ட்அப் மிஷன் 2019இல் திறந்த ஒருங்கிணைந்த புத்தொழில் வளாகமும் அதே களமசேரியில்தான் உள்ளது. இரண்டுக்கும் இடையே நிலத்தில் தொலைவு குறைவு. ஆயினும் ஆய்வகத்திலிருந்து சந்தைக்குச் செல்லும் வழி நீண்டது. அவ்வழியின் எக்கட்டத்தில் எவ்வகைப் பணம் துணை நிற்கும், எது சுமையாகும் என்பதை வங்கியாளர் நோக்கில் இங்கே ஆராய்வோம்.

மூன்று வழிகள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். எல்லா ஆய்வுக்கும் நிறுவனம் வேண்டுவதில்லை.

வைட்டிலாவிலேயே கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. உப்புநீர் புகும் பொக்காளி வயல்களுக்கென அங்கு உருவாக்கப்பட்ட நெல் இரகங்கள் ‘வைட்டிலா’ என்னும் பெயரையும் எண்ணையும் தாங்கி உழவர்களைச் சென்றடைந்துள்ளன. இது பொதுநலன் கருதி வழங்கப்படும் ஆய்வு.

இரண்டாவது வழி, தொழில்நுட்பத்தை வேறொரு நிறுவனத்துக்கு உரிமமாக வழங்குவது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு, பல மாதிரிகள் தோல்வியுற்ற பின்னர், 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதனைத் தயாரித்து விற்கும் பொறுப்பை டிடிகே நிறுவனம் ஏற்றது. அதே மருத்துவ நிறுவனம் உருவாக்கிய இரத்தப் பைத் தொழில்நுட்பத்தைக் கொண்டு தொழில் தொடங்கியவர், இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து வந்த சி. பாலகோபால். அறிவியலாளர் அறிவியலாளராகவே நீடித்தார்; வணிகத்தை வேறொருவர் நடத்தினார்.

மூன்றாவது வழியே ஆய்வாளர் தாமே நிறுவனத்தில் பங்கேற்பது. பொருள் முழுமை பெறாத நிலையில், அதன் நுட்பம் ஆய்வாளரின் கையிலும் கருத்திலும் மட்டுமே இருக்குமாயின், இவ்வழியே பொருத்தமானது.

ஏழாண்டுப் பாடம்

இதற்குச் சிறந்த சான்று சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான அக்னிகுல் காஸ்மோஸ். ஸ்ரீநாத் இரவிச்சந்திரன், மொயின் ஆகிய இருவரும், விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியுடன் இணைந்து 2017இல் இதனைத் தொடங்கினர். ஐ.ஐ.டி.யில் ஏற்கெனவே இருந்த எரிதல் ஆராய்ச்சி மையத்தின் அறிவும் வசதியும் அவர்களுக்குத் துணை நின்றன. முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக வார்க்கப்பட்ட எந்திரத்துடன் அவர்களது சோதனை ஏவுகலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த நாள் 2024 மே 30.

தொடக்கத்துக்கும் முதல் பறப்புக்கும் இடையே ஏழு ஆண்டுகள்! வங்கியாளர் கண்ணில் முதலில் படுவது இந்த எண்ணே. ஓர் ஆய்வாளர் தம் வீட்டை ஈடு வைத்து 50 இலட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் பெற்றார் எனக் கொள்வோம். தனிவட்டிக் கணக்கிலேயே ஆண்டுக்கு 5 இலட்சம்; ஏழாண்டில் 35 இலட்சம். முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. விற்க ஒரு பொருளும் இல்லை. கண்டுபிடிப்பு வெற்றி பெறும் முன்னரே வீடு கைவிட்டுப் போகும். அக்னிகுல் அக்காலத்தைக் கடந்தது, முதன்மையாகப் பங்கு முதலீட்டாளர்களின் பணத்தால். பங்குதாரர் இலாபம் வரும்வரை பொறுப்பார்; கடன் தவணை அவ்வாறு பொறுக்காது.

உரிமை யாருடையது?

பல்கலைக்கழகத்தின் ஊதியத்திலும் கருவிகளிலும் உருவான கண்டுபிடிப்பின் உரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்தையே சாரும். ஆகவே அதனைப் பயன்படுத்தும் உரிமத்தை நிறுவனம் எழுத்து வடிவில் பெற்றிருத்தல் வேண்டும். கூகுளின் தேடல் முறைக்குரிய முதற் காப்புரிமையும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருந்தது. உரிமத்துக்கு ஈடாகப் பெற்ற பங்குகளை விற்று அப்பல்கலைக்கழகம் 33 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. தெளிவான ஒப்பந்தம் இரு தரப்புக்கும் நன்மை பயக்கும் என்பதற்கு இதுவே சான்று.

காலமும் கருதத்தக்கது. கட்டுரையை முதலில் வெளியிட்டுவிட்டுப் பின்னர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், புதுமை இழந்தது எனக் கூறி விண்ணப்பம் மறுக்கப்படக்கூடும். சட்டம் அளிக்கும் விலக்குகள் மிகக் குறுகியவை. எனவே தற்காலிக விவரக் குறிப்புடன் முதலில் விண்ணப்பித்து, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தை அளிப்பது நன்று. கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணத்தில் 2021 முதல் 80 விழுக்காடு சலுகை உண்டு.

பணியைத் துறக்க வேண்டுமா?

பலரும் தயங்குவது இவ்விடத்தில்தான். மாத ஊதியம், ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றை எண்ணி ஆய்வாளர் பின்வாங்குவதில் வியப்பில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கை இத்தயக்கத்தைப் போக்க முனைகிறது. ஆசிரியர்கள் ஒரு பருவமோ ஓர் ஆண்டோ விடுப்பில் சென்று நிறுவனத்தில் பணியாற்ற அக்கொள்கை வழிகாட்டுகிறது. கல்வி நிறுவனம் தான் அளிக்கும் வசதிகளுக்கு ஈடாக 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு பெறலாம் எனவும் கூறுகிறது. எனினும் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். தம் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறாமல் இயக்குநராகப் பதிவு செய்து கொள்ளுதல் ஆகாது.

பணத்தின் வரிசை

முன்மாதிரிக் கட்டத்துக்கு உரியது மானியம். 2021இல் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம், தொழில் வளர் காப்பகங்கள் வாயிலாக, கருத்தை மெய்ப்பிக்கவும் முன்மாதிரி உருவாக்கவும் 20 இலட்சம் வரை மானியமும், சந்தையில் நுழைய 50 இலட்சம் வரை கடனோ மாற்றத்தக்க கடன்பத்திர முதலீடோ அளிக்க வகை செய்தது. உயிரியல் துறையினருக்கு, பைராக் அமைப்பின் ‘பிக்’ மானியம் 50 இலட்சம் வரை கிடைக்கக்கூடியது.

பொருளை மேம்படுத்திச் சோதிக்கும் கட்டத்துக்கு உரியது பங்கு முதலீடு.

கொள்முதல் ஆணை வந்து வருவாய் சீராகிய பின்னரே வங்கிக் கடனுக்குரிய காலம் கனிகிறது. எந்திரங்களுக்குப் பருவக் கடனும், மூலப்பொருளுக்கும் வரவேண்டிய தொகைக்கும் நடைமுறை மூலதனக் கடனும் அப்போது உண்மையிலேயே துணை செய்யும். 2022இல் அறிவிக்கப்பட்ட புத்தொழில் கடன் உத்தரவாதத் திட்டமும் சீரான வருவாய் நிலையை எட்டிய நிறுவனங்களையே கருத்திற் கொண்டது. முதலில் 10 கோடியாக இருந்த அதன் வரம்பு 2025இல் 20 கோடியாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ள நிறுவனம் இதன்கீழ்ச் சொத்து ஈடின்றியே கடன் பெற வாய்ப்புண்டு.

வங்கிக்கு வருமுன்

கடன் பெறும் எண்ணம் இல்லாத காலத்திலேயே நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கைத் தொடங்குவது நன்று. மானியமும் முதலீடும் அக்கணக்கின் வழியே வரட்டும். சொந்தச் செலவு அதில் கலவாதிருக்கட்டும். ஈராண்டு ஒழுங்காக நடந்த கணக்கு, பிற்காலக் கடன் விண்ணப்பத்துக்கு நல்ல சான்றாகும்.

கடனை நாடி வரும்போது காப்புரிமை விண்ணப்ப நகல், பல்கலைக்கழகத்துடனான உரிம ஒப்பந்தம், பணியளிப்பவரின் ஒப்புதல், பங்குதாரர் பட்டியல், கொள்முதல் ஆணைகள், தணிக்கை செய்த கணக்குகள் ஆகியவற்றை உடன் கொணர்க. இவற்றுள் கொள்முதல் ஆணை மட்டும் இல்லையெனில், கடன் விண்ணப்பத்தை ஒத்திவைத்துத் தொழில் வளர் காப்பகத்தை நாடுமாறே நாங்கள் அறிவுறுத்துவோம். அதை மறுப்பு எனக் கொள்ள வேண்டா. காலம் தவறி வந்த கடன் நல்ல கண்டுபிடிப்பையும் வாராக்கடனாக்கிவிடும். காலமறிந்து பெற்ற கடன் ஆய்வாளரின் வீட்டையும் காக்கும், அவரது உழைப்பை மக்களிடமும் சேர்க்கும்.