வண்ண நெகட்டிவ் பிலிமும் கல்வராயன் மலைக் காட்சிகளும்

கள்ளக்குறிச்சியினின்று மேற்கே நோக்குவார்க்குக் கல்வராயன் மலை நீல நிறத்ததாய்த் தோன்றும். கச்சிராயபாளையம் கடந்து கோமுகி அணையருகே நின்று காண்பார்க்கு அதுவே பச்சையாகும். மலைமேலேறி வெள்ளிமலைப் பக்கம் செல்வார்க்கோ மரவள்ளிக் கொல்லைகளின் பசுமையும், அவற்றிடையே செம்மண்ணின் சிவப்பும் ஒருங்கே புலனாகும். மலையொன்றே, நிறம் மூன்று. நீலம் மலையினுடையதன்று, நமக்கும் மலைக்கும் இடைப்பட்ட காற்று ஒளியைச் சிதறடித்தலால் விளைவது. பொலிவுள்ள வண்ணப்படம் எடுக்க விழையும் மாணவர் பிலிமின் பெயரை விசாரிக்குமுன் இவ்வுண்மையை மனத்திற் கொள்வாராக.

செல்பேசியில் ஆயிரம் படங்கள் எடுத்து அழிக்கலாகும் இந்நாளிலும் பிலிமை நாடும் இளைஞர் சிலர் உளர். அவர் கையிலுள்ளவை முப்பத்தாறே படங்கள். பிலிமின் விலையோ மாணவர்க்கு எளிதன்று. கழுவுங் கூலியும் அதனோடு சேரும். மலையினின்று இறங்கியபின் பிழை கண்டு மீண்டும் ஏறுதல் யாவர்க்கும் இயல்வதுமன்று. ஆகலின் இதனை ஈண்டுச் சற்று விரித்துரைக்கத் துணிந்தோம்.

1935ஆம் ஆண்டில் வெளிவந்த கோடக்குரோமும், 1936இல் வந்த அக்பாகலரும் நேர்ப்படமாகவே நிறத்தைத் தந்தன. எதிர்ப்படமாகிய நெகட்டிவ் முறையில் கோடாகலர் 1942இல் வந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் சி-41 என்னுங் கழுவுமுறை 1972இல் தோன்றியது. நம் நாட்டில், உதகமண்டலத்தில், 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை ‘இந்து’ என்ற பெயரால் கருப்பு வெள்ளைச் சுருள்களைப் பல்லாண்டு வழங்கிப் பின்னர் மூடப்பெற்றது. எனவே வண்ணச் சுருளுக்கு நாம் பிறநாட்டாரையே நம்ப வேண்டியுள்ளது.

நெகட்டிவ் பிலிமில் ஒன்றன்கீழ் ஒன்றாக நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளை ஏற்கும் படலங்கள் உள்ளன. கழுவுங்கால் அவற்றில் முறையே மஞ்சள், மெஜந்தா, சயான் என்னுஞ் சாயங்கள் பிறக்கின்றன. ஒளி மிகக் குறைந்தவிடத்து மூன்று படலங்களும் ஒத்துச் செல்லா. ஒன்று சிறிது பதிய, மற்றொன்று பதியாதொழியும். அதனால் நிழற்பகுதி சேறு போலக் கலங்கி, மணல்மணலாய்த் தோன்றும். அச்சிடுவோர் எத்துணை முயன்றும் அதனைத் திருத்தலாகாது. ஒளி சற்று மிகுமாயினோ பிலிம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கஞ்சத்தனம் இங்கு உதவாது. 400 வேகமுள்ள சுருளை 200 என்று காமிராவிற் குறித்து, ஒளியை இருமடங்காக அளித்தல் பலர் கைக்கொண்ட வழக்கம். அது நல்வழக்கமே என்பது எம் கருத்து.

இனித் தேர்வு. நிறச்செறிவு ஒன்றையே வேண்டுவார்க்கு 2008இல் வந்த எக்டார் 100 சிறந்தது. அதன் மணிகள் மிக நுண்ணியவை; செம்மண்ணும் தளிரும் அதிற் பதியும் அழகே தனி. ஆயின் அது கண்டிப்பான ஆசிரியர் போன்றது. ஒளி குறைந்தால் நிழல் நீலம் பூக்கும். ஆதலின் அளவு பிசகாது எடுத்தல் வேண்டும். போர்ட்ரா 160, 400 என்பன அமைதியான நிறத்தன, முகங்களுக்கு ஏற்றவை. கோல்டு 200 விலையில் எளியது, சற்றுப் பொன்னிறச் சாயல் உடையது. ஒரே சுருள் வாங்கவே வசதியுடைய மாணவர்க்கு, மலையும் மக்களும் ஒருங்கே எடுக்கவேண்டின், இதனையே யாம் பரிந்துரைப்போம்.

முகத்தைப் பற்றி ஒன்று கூறாது மேற்செல்லுதல் முறையன்று. அமெரிக்க அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க நெடுங்காலம் பயன்படுத்திய மாதிரி அட்டைகளில் வெள்ளைநிறப் பெண்ணின் உருவமே இருந்தது. ‘ஷர்லி அட்டை’ என்பது அதற்கு வழங்கிய பெயர். பல நிறத்தாரையும் கொண்ட அட்டைகள் 1990களிலேதான் பரவின. இன்றைய பிலிம்கள் பெரிதும் திருந்தியவை. எனினும் பின்னால் வெண்முகில் விரிந்திருக்க, முன்னே ஒருவரை நிறுத்தி எடுத்தால், ஒளிமானி முகிலை அளந்து முகத்தைக் கரிக்கட்டையாக்கிவிடும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் இசைவு பெற்று அவரைப் படமெடுப்போர், முகத்தருகே சென்று அங்கு விழும் ஒளியையே அளந்து வருவாராக. வானம் வெளுத்தாலும் வெளுக்கட்டும். மனிதர் முகம் தெளிவுற வேண்டும்.

மேகம், பெரியார் முதலிய அருவிகளிலும் இதே இடர் உண்டு. வெண்ணுரை மானியை ஏமாற்றும். அருவியை விடுத்து, அதே ஒளியில் உள்ள புல்தரையை அளத்தல் தக்கது. மானியில்லாதார்க்கு ஒரு பழங்கணக்கு உளது: தெளிந்த வெயிலில் துவாரம் எஃப்/16 ஆயின், ஷட்டரின் விநாடிப் பின்னம் பிலிமின் வேகத்தை ஒட்டியிருக்கும், 100 வேகத்திற்கு 1/125 எனக் கொள்க. மரநிழலுக்குள் நுழைந்தால் எட்டு மடங்கும் அதற்கு மேலும் ஒளி வேண்டும்.

இலைகள் ஏன் படத்தில் வெளிறுகின்றன? அவற்றின் மெழுகுப்பரப்பு வானத்தின் வெண்மையைக் கண்ணாடிபோல் எதிரொளித்தலே காரணம். லென்ஸின்முன் போலரைசர் கண்ணாடியைப் பூட்டி மெல்லச் சுழற்றினால் அப்பளபளப்பு நீங்கி உள்ளிருக்கும் பச்சை வெளிப்படும். அஃது உண்ணும் ஒளி மூன்று நான்கு மடங்காகலின் அதனையும் ஈடுசெய்க. மழை விட்ட மறுநாட் காலையில், காற்றுக் கழுவப்பெற்றிருக்கும்போது, மலையின் நிறம் தானே பொலியும். ஐப்பசி கார்த்திகையில் அத்தகைய காலைகள் வாய்க்கும். கோடை நண்பகலில் எந்தச் சுருளாலும் பெரும்பயன் இல்லை.

வெப்பம் பிலிமுக்குப் பகை. 21 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கச் சொல்லுவர். கள்ளக்குறிச்சிச் சித்திரையில் அதற்குக் குளிர்பெட்டியே புகல். வெளியிலெடுத்த சுருளை, நீர்த்துளி படியாதவாறு, அறைச்சூடு ஏறியபின்னரே உறையினின்று பிரிக்க வேண்டும். வண்டியின் பெட்டிக்குள் வெயிலில் விடுதல் கூடாது.

எடுத்த சுருளை நாட்கடத்தாது கழுவக் கொடுத்தல் நலம். டெவலப்பர் 37.8 பாகையில் 3 நிமிடம் 15 விநாடி நிற்கவேண்டிய நுட்பப்பணி இது. செய்யுங் கூடங்களும் இப்போது பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளன. கொடுக்கும்போது உறைமேல் இரண்டு செய்திகளை எழுதுக: மாலை வெயிலின் மஞ்சளைத் திருத்த வேண்டா என்பது ஒன்று, ஸ்கேன் செய்தபின் நெகட்டிவைத் தவறாது திருப்பித் தருக என்பது மற்றொன்று. நம் இல்லங்களிலுள்ள 1980களின் திருமணப் படங்கள் பல செந்நிறமாகிக் கிடப்பதைக் காண்கிறோம். அவற்றின் நெகட்டிவைப் பேணி வைத்திருப்போர் புதிய படம் எடுத்துக்கொள்ளலாம்; ஏனையோர்க்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை.