ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஆனாலும் உடம்பு வேறு

"அண்ணன் கிட்னியைத்தானே தம்பிக்கு வச்சிருக்கு, ஒரே ரத்தம், இன்னும் எதுக்கு மாத்திரை?" மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர் வீட்டில் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு டி செல் என்று பெயர். உடம்பின் செல்கள் ஏறக்குறைய எல்லாமே, தமக்குள் இருக்கும் புரதத்தின் சிறு துணுக்குகளை எச்.எல்.ஏ. என்ற தாங்கியில் ஏந்தி வெளியே காட்டிக்கொண்டிருக்கின்றன. டி செல் அதைத் தொட்டுப் பார்க்கும். சொந்தச் சரக்கு என்றால் பேசாமல் போய்விடும். வைரஸின் துணுக்கு தென்பட்டால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். துணுக்கையும் தாங்கியையும் சேர்த்தேதான் அது பார்க்கிறது என்று 1974-ல் ஆஸ்திரேலியாவில் சிங்கர்நேகல், டோஹர்ட்டி இருவரும் காட்டினார்கள். அதற்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

டி செல்லுக்கு இந்தப் பாடம் நடப்பது, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில். பரீட்சை ரொம்பக் கண்டிப்பு. சொந்தத் தாங்கியை அறியாதவையும் அங்கேயே மடியும், சொந்த உடம்பையே பலமாகப் பிடிப்பவையும் மடியும். நூற்றுக்கு நாலைந்து தேறினாலே அதிகம்.

எச்.எல்.ஏ. பாதி தகப்பனிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. ஆகவே கூடப்பிறந்தவருடன் முழுசாக ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்புதான். ஒத்துப்போனாலும் மற்றப் புரதங்களில் வித்தியாசம் இருக்கும். 1954-ல் பாஸ்டனில் முதன்முதலாக மாற்றுச் சிறுநீரகம் வெற்றி பெற்றதே, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதால்தான்.

டாக்ரோலிமஸ், மைகோஃபீனோலேட், பிரட்னிசோலோன் போன்ற மாத்திரைகள் டி செல்லை அடக்கி வைக்கின்றனவே தவிர, அதற்குப் புதுப் பாடம் சொல்லித் தருவதில்லை. நிறுத்தினால் அது விழித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் வலி ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறுவதுதான் முதலில் தெரியும். சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல், கால் வீக்கம் கண்டாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்தோ, கடையில் கேட்டு வாங்கும் மருந்தோ, டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பெண்களுக்குத் தனியாக ஒன்று. குழந்தை பெற முடியும். ஆனால் மைகோஃபீனோலேட் கருவுக்குக் கெடுதல். கருத்தரிக்கும் முன்பே சொன்னால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார்; அதுவரை கருத்தடை முறை அவசியம். நாள் தள்ளிப்போனால் பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.