நூலுக்கு ஏற்ற கோட்டுப்படம்

அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையே அமைந்த இருக்கன்குடியில், ஆடிக் கடைசி வெள்ளியன்று கூடும் மக்கள் திரளை நாம் அறிவோம். ஊர்ப்பெயர் பொறித்த துணிப்பைகளை இயந்திரப் பூத்தையலால் செய்து விற்பது இங்குள்ள மகளிர் குழுக்களுக்கு ஏற்ற தொழிலே. ஆனால் படத்தைச் சரியாக ஆயத்தம் செய்யாவிடில், துணியும் வீணாகும். கடன் பெற்று வாங்கிய இயந்திரமும் மூலையில் கிடக்கும்.

சிவகாசி அச்சுக்கு வரைந்த படத்தை அப்படியே தைக்க இயலாது. நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் அச்சு எல்லா நிறங்களையும் காட்டும்; ஊசிக்கோ ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூல் வேண்டும். ஆகவே நிறங்களைக் குறைத்து, தெளிவான எல்லைக்கோடுகளால் படத்தை வரைதல் வேண்டும். கணிப்பொறியில் இதனை வெக்டார் படம் என்பர். எவ்வளவு பெரிதாக்கினும் இதன் விளிம்பு சிதையாது. இங்க்ஸ்கேப் என்னும் இலவசச் செயலியில் வரைந்து, இங்க்ஸ்டிச் என்னும் துணைச்செயலியால் தையலாக மாற்றலாம்.

‘இருக்கன்குடி’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். இதில் இரு புள்ளிகள் உள்ளன. எழுத்து மிகச் சிறிதானால் புள்ளிகள் மறையும், ‘ன்’ எழுத்தின் சுழிகள் நூலால் அடைபடும், பெயரே பிழையாகும். கோட்டின் அகலம் 1 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டரைக் கடந்தால், நீண்ட நூல் தளர்ந்து சிக்கும். அவ்விடத்தில் நிரப்புத் தையலே தக்கது.

நூல் துணியை உள்ளிழுக்கும். அதனால் வட்டம் நீள்வட்டமாகும். இரு நிறங்களுக்கிடையே இடைவெளி தோன்றும். இதனைத் தவிர்க்க, உருவங்களைச் சிறிது அகலப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு வரைய வேண்டும்.

செலவையும் முன்னரே கணக்கிடலாம். 10 சென்டிமீட்டர் சதுரத்தை 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் நிரப்பினால் 250 வரிகள். தையலின் நீளம் 4 மில்லிமீட்டரானால் வரிக்கு 25 தையல், மொத்தம் 6,250. நிமிடத்துக்கு 600 தையல் ஓடினும் பத்து நிமிடத்துக்கு மேலாகும். எனவே பின்னணியைத் துணியின் நிறத்துக்கே விடுவது சிக்கனம்.

தையற்கோப்பில் தையல்களே பதிவாகின்றன. பிற்பாடு அளவை மாற்ற மூலப்படம் தேவைப்படும். அதனைக் காத்து வைத்தல் அவசியம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் பைகளுக்கோ கொடிகளுக்கோ வேலை தரும்போது, அதே துணியில் ஒரு மாதிரி தைக்கச் சொல்லிப் புள்ளிகளையும் சுழிகளையும் பார்த்தபின் ஒப்புதல் அளிப்பார்களாக. ஒரு மாதிரித் துணியின் செலவு நூறு பைகளைக் காக்கும்.